மிச்சக் குப்பையும் சிமென்ட் சூளையும்

காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்ளாத குப்பையை என்ன செய்வது? சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, அறுந்த ரப்பர் செருப்பு, எண்ணெய்ப் பிசுக்கேறிய பிளாஸ்டிக் தாள், பஞ்சு பிதுங்கிய தலையணை என்று நீளும் இந்தப் பட்டியலில் எதுவும் எருவாக மட்காது, எடைக்குப் போட்டால் காசும் தேறாது. ஆனால் எரியும். நிலக்கரிக்குப் பதிலாக இதையே ஆலைகளில் எரித்தால் என்ன என்ற கேள்விக்கு ஐம்பது வயதாகிவிட்டது. பொறியாளர்கள், சுற்றுச்சூழல் இயக்கத்தினர், நகராட்சி நிர்வாகங்கள், சிமென்ட் நிறுவனங்கள் என்று ஒவ்வொரு தரப்பும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் பலவீனமாக இருக்கின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. இந்த எரிபொருளைப் பெருமளவில் வாங்கக்கூடிய தொழில் சிமென்ட் என்பதால் கவனம் முழுக்க அதன் மேலேயே இருக்கும்.

எண்ணெய் நெருக்கடியின் பிள்ளை

இந்த யோசனை சூழல் அக்கறையில் பிறந்தது என்று சொல்வதற்கில்லை. 1970களில் எரிபொருள் விலை எகிறியபோதுதான் மேற்குலகம் குப்பையைத் தீவிரமாகத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அதற்குச் சற்று முன், 1972இல், நகரக் குப்பையை அரைத்து நிலக்கரியோடு கலந்து மின்நிலையத்தில் எரித்துப் பார்த்தார்கள். 1975இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரம் அதையே நிரந்தர ஏற்பாடாக்கியது. பிரித்து, உலர்த்தி, அரைத்த இந்தச் சரக்குக்கு ஆர்.டி.எஃப். (Refuse-Derived Fuel, குப்பையிலிருந்து பெறும் எரிபொருள்) என்ற பெயர் நிலைத்தது. ஜெர்மனியின் சிமென்ட் சூளைகளுக்குப் பழைய டயர்கள் போகத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

அதே காலத்தில் கனடாவின் மிசிசாகாவில் வேறொரு சோதனை நடந்தது. 1974இல் அங்கே ஒரு சிமென்ட் சூளையில் குளோரின் கலந்த திரவக் கழிவுகளை எரித்துப் பார்த்தார்கள். அங்கே எரிபொருள் மிச்சம் பெரிய விஷயமல்ல, நஞ்சை அழிக்க முடியுமா என்பதே கேள்வி. ஆக, தொடக்கத்திலேயே இரண்டு நோக்கங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆலைக்கு மலிவாக வெப்பம் வேண்டும், ஊருக்குக் குப்பை ஒழிய வேண்டும். இன்றைய வாதங்களில் பாதிக் குழப்பம், பேசுபவர் இரண்டில் எதைச் சொல்கிறார் என்பது தெளிவாகாததால் வருவது.

இந்தியாவின் தொடக்கம் சறுக்கலாகவே அமைந்தது. 1987இல் தில்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்ட, நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்க வேண்டிய நிலையம் சில வாரங்களிலேயே நின்றுபோனது. வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்த வெப்பத்தில் பாதியளவுகூட நம் குப்பையில் இல்லை. 2003ஐ ஒட்டி ஐதராபாத்திலும் விஜயவாடாவிலும் ஆர்.டி.எஃப். மின்நிலையங்கள் வந்தன, அவையும் நீடிக்கவில்லை. குப்பையை மட்டும் நம்பி ஓர் உலையைக் கட்டாதே, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பெரிய நெருப்பில் கொஞ்சமாகக் கலந்துவிடு என்பது இந்தத் தோல்விகளிலிருந்து பலர் கற்ற பாடம். அந்தப் பெரிய நெருப்பு சிமென்ட் ஆலையில் இருந்தது.

சூளையின் தகுதி

சூளைக்காகப் பேசுபவர்களின் தொழில்நுட்ப வாதம் வலுவானது. சுண்ணாம்புக்கல், சிமென்டின் அடிப்படையான கிளிங்கராக மாற ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்குச் சுடர் 2000 பாகையை நெருங்கி எரிகிறது. வாயு அந்தக் கடும் வெப்பத்தில் பல விநாடிகள் தங்குகிறது. உள்ளே சுழலும் சுண்ணாம்பு, குப்பையிலிருந்து கிளம்பும் அமில வாயுக்களைப் பெருமளவு பிடித்துக்கொள்கிறது. எஞ்சும் சாம்பல் கிளிங்கரோடு சேர்ந்துவிடுவதால் தனியாகக் கொட்ட இடம் தேட வேண்டியதில்லை. நகரக் குப்பை எரிஉலைகளின் தீராத தலைவலியே அந்தச் சாம்பல்தான்.

ஆனால் இந்தத் தகுதிகள் அனைத்தும் பிரதான சுடருக்குரியவை. மட்டமான குப்பை பெரும்பாலும் அங்கே போவதில்லை. சூளைக்கு முன்னால் உள்ள கால்சினர் என்ற பகுதியில், சுமார் 850 முதல் 900 பாகையில்தான் அது போடப்படுகிறது. நன்றாக அரைக்கப்பட்ட, உலர்ந்த சரக்கை மட்டுமே பிரதான சுடர் ஏற்கும். விளம்பரத் துண்டறிக்கைகளில் 2000 பாகை இடம்பெறும், கால்சினரின் வெப்பம் அபூர்வமாகவே இடம்பெறும்.

இன்னொரு தடை குளோரின். பி.வி.சி. துண்டுகளும் உணவுக் குப்பையில் ஊறிய உப்பும் அதைக் கொண்டுவருகின்றன. சூளையின் சூட்டில் ஆவியாகும் குளோரைடு உப்புகள், மேலே சூடு குறைந்த சைக்குளோன் குழாய்களில் படிந்து கட்டிதட்டி அடைப்பை உண்டாக்கும். அடைப்பை எடுக்கச் சூளையை நிறுத்த வேண்டும். ஒரு நாள் உற்பத்தி நின்றால், குப்பையால் மிச்சமான நிலக்கரிக் காசு போய்விடும். ஆலை மேலாளர்கள் குப்பையைக் கண்டு தயங்குவதற்கு, வெளியே பேசப்படும் டையாக்சின் என்ற நஞ்சைவிட இந்த அடைப்பே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. குளோரினை வெளியேற்றும் பக்கவழி அமைப்பைக் கட்டினால் இது தீரும், முதலீடுதான் வேண்டும்.

டையாக்சின்

எதிர்த்தரப்பின் மையமான கவலை இது. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, டையாக்சின் அதிகம் உருவாக வாய்ப்புள்ள தொழில்களின் பட்டியலில், அபாயகரமான கழிவுகளை எரிக்கும் சிமென்ட் சூளைகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆவணம் அது.

ஆதரவாளர்களின் கையில் உள்ள ஆவணம் நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோரே ஹெல்கே கார்ஸ்டென்சன் 2008இல் வெளியிட்ட மறுஆய்வு. 1970களிலிருந்து எடுக்கப்பட்ட 2000க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்து, நவீன உலர்முறைச் சூளைகளில் பெரும்பாலானவை ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற ஐரோப்பிய வரம்புக்குள் நிற்க முடியும் என்று அவர் முடித்தார். பழைய அமெரிக்க நீண்ட சூளைகளில் அளவு எகிறியதற்குக் குப்பையைக் காட்டிலும் வாயு குளிர்ந்த விதமே காரணம் என்பது அவர் விளக்கம். 200 முதல் 450 பாகை வரையிலான இடைவெளியில் வாயு மெதுவாக ஆறினால் டையாக்சின் மீண்டும் உருவாகும். சட்டெனக் குளிர்வித்தால் அதற்கு நேரம் கிடைக்காது.

இந்த விளக்கத்தை மறுக்க வலுவான காரணம் தென்படவில்லை. ஆனால் இரண்டு தயக்கங்கள் உண்டு. இத்துறையில் சின்டெஃப் செய்த முந்தைய தொகுப்பு, சிமென்ட் நிறுவனங்கள் இணைந்து நடத்திய ஒரு முன்னெடுப்புக்காகத் தயாரானது. தரவுகளில் பெரும்பகுதியும் ஆலைகளிடமிருந்தே வந்தது. அதனால் அது பொய்யாகிவிடாது, ஆனால் தானாக முன்வந்து அளந்து காட்டிய ஆலைகள் நன்றாக நடக்கும் ஆலைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவதாக, நன்றாக நடத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஆய்வு சொல்கிறது. மோசமாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியா ஒரு பாடம் வைத்திருக்கிறது.

தென் ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில் கோர்ட்சிட்ஸ் என்ற பள்ளத்தாக்கு. 2014இல் அங்கே பசும்பாலிலும் தீவனத்திலும் ஹெக்சாகுளோரோபென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட 12 நஞ்சுகளில் அது ஒன்று. தேடிப் போனால், பழைய வேதித்தொழிற்சாலைக் கிடங்கிலிருந்து தோண்டி எடுத்த சுண்ணாம்புச் சேற்றை அருகிலிருந்த சிமென்ட் ஆலை சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. அனுமதி இருந்தது. சூளையும் நவீனமானதே. ஆனால் சேறு போடப்பட்ட இடத்தில் வெப்பம் போதவில்லை. நஞ்சு எரிவதற்குப் பதிலாக ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறி, புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்தது. அந்தச் சேறு எரிபொருளாக அல்ல, சுண்ணாம்புக்கு மாற்றாகவே பயன்பட்டது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எந்தச் சரக்கை எந்த வாயில் போடுகிறோம் என்பதில் பிழை நேர்ந்தால் ஆலைக்கு உள்ளிருந்து அது தெரியாமலே போகலாம் என்பதை அது காட்டிவிட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது புகைபோக்கியில் பொருத்திய கருவி அல்ல, பால் பரிசோதனை.

இந்தியாவில் 2016இல் வந்த உமிழ்வு வரம்புகள், கழிவு எரிக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் அதே 0.1 நானோகிராமைத்தான் விதிக்கின்றன. காகிதத்தில் நாம் ஐரோப்பாவுக்குக் குறைந்தவர்கள் அல்ல. தூசியும் நைட்ரஜன் ஆக்சைடும் தொடர்ச்சியாக அளக்கப்படுகின்றன. டையாக்சினுக்கு அது முடியாது. மாதிரி எடுத்து, அதற்கான வசதியுள்ள ஒருசில ஆய்வகங்களில் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். மாதிரி எடுக்கும் நாளில் சூளைக்குள் என்ன போகிறது என்பதை ஆலையே தீர்மானிக்கிறது. பாதரசமும் இதே வகைச் சிக்கல்தான். கிளிங்கர் அதைப் பிடித்துவைப்பதில்லை, ஆவியாகி வெளியேறிவிடும். உள்ளே வரும் சரக்கில் அது இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்பகமான தடுப்பு.

கரிமக் கணக்கு

‘பசுமை சிமென்ட்’ என்ற முழக்கத்தை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 7.5 லட்சம் கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதை நிலக்கரியால் கொடுத்தால் சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருவது இன்னும் 525 கிலோ. அது எந்த எரிபொருளை மாற்றினாலும் குறையாது. இப்போது வெப்பத்தில் 15 சதவீதத்தைப் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்தால், பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்தின் பிள்ளைதான் என்பதால், மிச்சமாவது சுமார் 10 கிலோ. மொத்தத்தில் ஒரு சதவீதம் சொச்சம். சரக்கில் பாதி காகிதம், துணி, மரம் என்று தாவர மூலமாக இருந்தால் மிச்சம் 3 சதவீதம் வரை போகலாம்.

குப்பைமேட்டில் உருவாகும் மீத்தேன் தவிர்க்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். மீத்தேனைப் பெருமளவு தருவது சோறும் காய்கறியும். அவை சூளைக்குப் போவதே இல்லை. அவற்றைத் தனியே உரமாக்கியதற்கான பெருமை சூளைக்குச் சேர வேண்டியதில்லை. காலநிலைக்காக இதைச் செய்கிறோம் என்ற வாதம் மூன்றில் மிகப் பலவீனமானது என்பது என் கணிப்பு. நிலக்கரியும் பெட்ரோலியக் கரியான பெட்கோக்கும் மிச்சம், குப்பைமேடு குறைகிறது என்ற மற்ற இரண்டும் நிற்கும்.

உதவாது என்று முடிவு செய்வது யார்

சூளையின் புகையைப் பற்றிக் கவலைப்படாமலேயே இதை எதிர்ப்பவர்கள் உண்டு. மூலத்திலேயே தவிர்த்தல், திரும்பப் பயன்படுத்தல், மறுசுழற்சி, அதன் பிறகே எரித்தல் என்ற வரிசையை எல்லாச் சட்டங்களும் ஏற்கின்றன. எரிப்பது எளிதாகிவிட்டால் மேல்படிகள் கவனிப்பாரின்றிப் போகும் என்பது இவர்கள் வாதம். பூஜ்யக் கழிவு இயக்கங்களும் குப்பை பொறுக்குவோர் சங்கங்களும் இந்த அணியில் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு பொருள் மறுசுழற்சிக்கு உதவுமா என்பது பெரும்பாலும் அதன் வேதியியலில் இல்லை, அன்றைய விலையில் இருக்கிறது. பால் கவர் சுத்தமாக வந்தால் வாங்க ஆள் உண்டு. அதே கவர் ஈரக்குப்பையில் புரண்டு வந்தால் ஆர்.டி.எஃப். கணக்கில் சேர்ந்துவிடும். கச்சா எண்ணெய் விலை சரிந்து புதிய பிளாஸ்டிக் மலிவானால், நேற்றுவரை காயலான் கடை எடுத்த சரக்கு இன்று நின்றுவிடும். ஆக, வீட்டு வாசலில் இரண்டு கூடைகளாகப் பிரிப்பதும் பிரிக்காததும்தான் எது சூளைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சட்டமும் இங்கே இரட்டை நிலையில் இருக்கிறது. 2022இன் உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள், பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆக வேண்டிய பங்கை 2024-25இல் 30 சதவீதமாகவும் 2027-28இல் 60 சதவீதமாகவும் வைக்கின்றன. மீதியைச் சிமென்ட் சூளையிலோ சாலை போடுவதிலோ தீர்த்துக்கொள்ளலாம். சூளைக்கு அனுப்புவது சாஷேவைப் பிரித்து மறுசுழற்சி செய்வதைவிடப் பன்மடங்கு எளிது. எளிய வழி திறந்திருக்கும்போது நிறுவனங்கள் உறையின் வடிவமைப்பை ஏன் மாற்றப்போகின்றன? தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. அது வரிசையின் முதல் படியைத் தொட்ட முயற்சி. அதன் அமலாக்கம் எப்படி என்பது எந்தக் காய்கறிச் சந்தைக்குப் போனாலும் தெரியும்.

இந்தத் தரப்பின் பலவீனம், இன்றைய மிச்சத்துக்கு அவர்களிடம் விடை இல்லாததுதான். உறைகள் நாளையே மாறினாலும் மேடாகக் கிடக்கும் பழைய குப்பை போகாது. அதை மண்ணில் புதைப்பதா, எரிப்பதா என்று கேட்டால் மௌனமே பதிலாக வருகிறது.

பெருங்குடி முதல் அரியலூர் வரை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும், சுமார் 350 ஏக்கர் பரப்புள்ள கொடுங்கையூரிலும் சென்னை மாநகராட்சி பழைய குப்பையைக் கிளறிப் பிரிக்கும் பயோமைனிங் பணியைத் தொடங்கியிருக்கிறது. கிளறிய குப்பை சுழலும் சல்லடைகளில் ஏறுகிறது. சன்னமான மண் கீழே கொட்டுகிறது, கல்லும் செங்கல் துண்டும் ஒதுங்குகின்றன, காற்றில் பறக்கும் இலேசான பிளாஸ்டிக்கும் துணியும் தனியே விழுகின்றன. அதைக் கட்டுக்கட்டாக அழுத்தி லாரியில் ஏற்றுகிறார்கள். அரியலூர் போன்ற சிமென்ட் பகுதிகளுக்கு அது போய்ச்சேர்கிறது.

பல ஆண்டு மழையில் ஊறிய சரக்கு அது. பிளாஸ்டிக் தாளின் மடிப்புக்கு மடிப்பு மண் ஒட்டியிருக்கும். மண் எரியாது, எடையை மட்டும் கூட்டும். ஈரமோ வெப்பத்தைத் தின்னும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி ஆர்.டி.எஃப்.பை மூன்று தரமாகப் பிரித்தது. முதல் தரத்துக்குக் கிலோவுக்கு 4500 கிலோகலோரி, இரண்டாம் தரத்துக்கு 3750, மூன்றாம் தரத்துக்கு 3000. குப்பைமேட்டிலிருந்து கிளறி எடுத்த சரக்கு மூன்றாம் தரத்தை எட்டுவதற்கே நன்றாக உலர்த்திச் சலிக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதில்தான் ஒப்பந்தங்கள் முட்டிக்கொள்கின்றன. ஆலை மண்ணைக் கழித்துக்கொண்டு எடைபோடச் சொல்லும். ஒப்பந்தக்காரருக்கோ மேட்டிலிருந்து எத்தனை டன் வெளியேறியது என்பதே கணக்கு.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. 2016இன் திடக்கழிவு விதிகள், ஆர்.டி.எஃப். நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள் தம் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும் என்றன. அரியலூர் திருச்சிக்கு அந்த எல்லைக்குள் வரும், சென்னைக்கு வராது. சென்னையிலிருந்து அது 250 கிலோமீட்டருக்கும் மேல். மாநிலத்திலேயே அதிகம் குப்பை சேரும் நகரம் சட்டத்தின் வட்டத்துக்கு வெளியே விழுந்தது. 2018இன் வழிகாட்டி இந்த எல்லையை 400 கிலோமீட்டராக விரிக்கச் சொன்னது. புதிதாக வந்துள்ள விதிகளோ 5 சதவீதத்தைப் படிப்படியாக 15 ஆக்கச் சொல்கின்றன. ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் தயாரிக்கும் ஒரு சூளை 15 சதவீதத்தை மூன்றாம் தர ஆர்.டி.எஃப்.பால் எட்ட, நாளொன்றுக்கு 100 டன் சரக்கு வேண்டும். அரியலூர் மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப் பல சூளைகள். பழைய மேடுகள் தீர்ந்த பிறகு இவற்றுக்குத் தீனி எங்கிருந்து வரும்? கொடுங்கையூரில் திட்டமிட்டிருக்கும் எரிஉலை மின்நிலையமும் அதே சரக்கைத்தான் கேட்கிறது. வடசென்னை மக்கள் 2025இல் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள்.

ஐரோப்பாவின் உயர்ந்த எண்கள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சூளைகள் சராசரியாகத் தம் வெப்பத்தில் பாதியளவைக் கழிவிலிருந்து எடுக்கின்றன, ஜெர்மனி அதைவிட வெகு தூரம் போய்விட்டது. இந்தியா நெடுங்காலம் ஒற்றை இலக்கத்தில் நின்றது. வித்தியாசம் சூளையில் இல்லை. ஜெர்மனி 2005 ஜூன் முதல் பதப்படுத்தாத குப்பையைப் புதைப்பதையே தடைசெய்தது. போலந்து புதைப்பதற்கு வரியை ஏற்றிக்கொண்டே போனது. ஆகவே குப்பைக்காரர் சூளைக்குப் பணம் கொடுத்து எரிக்கச் சொல்கிறார். இங்கே கொட்டுவது இலவசம், எரிப்பதற்குத்தான் செலவு. இலங்கையில் புத்தளம் சூளை 2000களின் தொடக்கத்திலிருந்து தொழிற்சாலைக் கழிவுகளை இப்படிக் கட்டணம் வாங்கி எரித்துவருகிறது. ஆனால் கிளிங்கர் சூளை அந்நாட்டில் அது ஒன்றுதான் என்பதால் கட்டணத்தைப் பேரம் பேச வேறு இடமில்லை.

திறந்தே நிற்பவை

இத்தனை ஆண்டு விவாதத்தில் சில கேள்விகள் ஓரளவு தீர்ந்திருக்கின்றன. சரியான சரக்கை, சரியான வாயில், சரியாக நடத்தப்படும் சூளையில் போட்டால் டையாக்சின் வரம்பை மீறாது என்பதை ஏற்கலாம். திறந்த வெளியில் எரிவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. பெருங்குடி மேடு தீப்பிடித்த நாட்களில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலநிலைப் பலன் சிறியது என்பதும் தெளிவு.

முறையாகப் பிரித்த பிறகு உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்பது தீரவில்லை. இன்று ‘மிச்சம்’ என்று எண்ணப்படுவதில் பிரிக்காத சோம்பலும் கலந்திருக்கிறது. அதை வைத்து 15 சதவீத இலக்குக்கு உலைகளைக் கட்டினால், பிற்பாடு பிரிப்பது ஆலைக்கு இடையூறாகத் தெரியலாம். இலக்கைச் சூளையின் பசியிலிருந்து அல்லாமல், நகராட்சிகளின் பிரித்த கணக்கிலிருந்து எடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பழைய மேட்டின் சரக்குக்கும் அன்றாடக் குப்பைக்கும் ஒரே விதி போதுமா என்பதும் விவாதத்துக்குரியது. முன்னது தீர்ந்துபோகும் சரக்கு. அதற்குச் சூளை பொருந்தும் என்றே நினைக்கிறேன். பின்னதற்கு அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை.

கண்காணிப்பைப் பற்றி மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. அரியலூர், டால்மியாபுரம், மதுக்கரை, சங்கர்நகர் என்று சூளைகள் உள்ள ஊர்களில் ஒவ்வொரு புகைபோக்கியின் டையாக்சின், பாதரச அளவீடுகளையும், அன்று உள்ளே போன சரக்கின் விவரத்தோடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழில் வெளியிட வேண்டும். மாதிரி எடுக்கும் நாளை ஆலைக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சுற்றுவட்டாரப் பாலையும் மண்ணையும் ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.